நீங்கள் தூக்கிப் பார்த்த வாட்ச்

மாமா,

போன வாரம் உங்கள் பேரன் என்னை ஒரு வாட்ச் கடைக்குக் கூட்டிப்போனான். கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுப் பார்வையெல்லாம் மங்கிக் கிடந்த நேரம். என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். "அஞ்சே நிமிசம்மா" என்றான். ஐந்து நிமிடத்தில் முடிகிற கடையா அது? வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி, உள்ளே எலும்பைத் துளைக்கிற ஏ.சி. கையில் வெள்ளை உறை மாட்டிக்கொண்டு ஒருவர் வந்து, வெல்வெட் தட்டில் இரண்டு வாட்ச் வைத்தார்.

அவன் எதை எடுப்பது என்று என்னைக் கேட்டான். கடைக்காரர் இரண்டையும் ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று எடைக்கல் மாதிரி உட்கார்ந்தது. இன்னொன்று கையில் இருப்பதே தெரியவில்லை. லேசானதுக்குத்தான் விலை கூடவாம், விமானத்துக்குப் போடுகிற உலோகமாம். "ஆனா நம்ம ஊருல இது போறதில்லம்மா. இம்புட்டு காசு குடுத்தா கையில கனம் கேக்குறாங்க. லேசா இருந்தா டூப்ளிகேட்டுன்னு நெனச்சுர்றாங்க" என்று சிரித்தார். உங்கள் பேரன் அந்த லேசானதை எடுத்து உள்ளங்கையில் போட்டு இரண்டு தரம் குலுக்கிப் பார்த்தான்.

அது உங்கள் கை மாமா. நீங்கள் சாகும்போது அவனுக்கு எட்டு வயது. உங்கள் மூக்கு வரவில்லை, உயரம் வரவில்லை, அந்தக் குலுக்கல் மட்டும் எப்படி வந்து சேர்ந்ததோ தெரியவில்லை. எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறியது. எழுந்து வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன். அவன் கனமானதைக் கட்டிக்கொண்டு வந்து, "என்னம்மா, மயக்கமா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து உங்களோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறேன். சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, கோயிலில் கைகூப்பி நிற்கும்போதுகூட. நேருக்கு நேர் போட்டிருக்க வேண்டிய சண்டை. நீங்கள் இருந்தவரைக்கும் உங்கள் முன்னால் நான் குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் பாருங்கள், 'நீங்கள்' என்றுதான் எழுத வருகிறது. கை அப்படிப் பழகிவிட்டது.

உங்களுக்கு எல்லாவற்றையும் தூக்கிப் பார்க்க வேண்டும். தேங்காய், பூசணிக்காய், பித்தளைக் குடம், மண்வெட்டி, பிறந்த குழந்தை. உங்கள் மகனுக்கு என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காபி டம்ளரைக்கூடத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தீர்கள். எவர்சில்வரா, தகடா என்று கண்டுபிடிக்கிற மாதிரி. வாடிப்பட்டிப் பக்கம் வாய்க்கால் தண்ணீரில் இரண்டு போகம் நெல் போடுகிற குடும்பம். நெல்லில் கனமில்லாதது பதர். தேங்காயில் கனமில்லாதது வறண்டது. அதனால் உலகத்தில் கனமில்லாததெல்லாம் பொய் என்று முடிவு கட்டி வைத்திருந்தீர்கள். நெல்லைப் பொறுத்தவரை உங்கள் கை ஒரு நாளும் தப்பியதில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். நெல்லோடு நிறுத்தியிருக்கலாம்.

நான் பிறந்த வீட்டுக் கணக்கு வேறு. பழங்காநத்தத்தில் ஒண்டுக் குடித்தனம், அப்பாவுக்கு மில்லில் தறி வேலை. எங்கள் வீட்டில் நூலைப் பற்றித்தான் பேச்சு. நூல் நம்பர் ஏற ஏற இழை சன்னமாகும், துணி லேசாகும், விலை கூடும். இருபதாம் நம்பர் நூலில் போர்வை நெய்வார்கள், நூறாம் நம்பர் நூலில் கல்யாண வேட்டி. சன்னமாக ஓட்டுகிற தறிக்குத்தான் கைதேர்ந்த ஆளைப் போடுவார்கள் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். எங்கள் வீட்டில் உசத்தி என்றால் லேசு, உங்கள் வீட்டில் உசத்தி என்றால் கனம். ஜாதகமெல்லாம் பார்த்தார்கள், இதை யாரும் பார்க்கவில்லை.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பஹ்ரைனில் கப்பல் பழுது பார்க்கிற பட்டறையில் ஃபிட்டர். எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டுவது மச்சான் முறை என்பதால், அங்கேயே ஒன்று பார்த்துப் பார்த்து வாங்கினான். ஸ்விஸ் வாட்ச், தங்கக் கூடு, கறுப்புத் தோல் வார், தினமும் சாவி கொடுக்கிற வகை. பக்கவாட்டில் பார்த்தால் எட்டணாக் காசைவிடக் கொஞ்சம்தான் தடிமன். இரண்டு வருடமாக அவன் சினிமாவுக்குப் போகவில்லை, புதுச் சட்டை எடுக்கவில்லை, அது அந்த வாட்ச்சுக்குள் இருந்தது. வீட்டில் கொண்டுவந்து காட்டியபோது அப்பா காதில் வைத்துக் கேட்டார். "இம்புட்டு சன்னத்துக்குள்ள மிஷினை எப்படிப்பா அடக்குனான்?" என்றார். "அதான்ப்பா வேலை. கட்டுனதே கைக்குத் தெரியக்கூடாது, அதுதான் உசத்தி" என்று அண்ணன் சொன்னான்.

எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த வருடம் கல்யாணம். மதுரையில் சின்ன மண்டபம். அன்று காலை அப்பா உங்களுக்கு எடுத்திருந்த நூறாம் நம்பர் வேட்டியைக் கட்டிக்கொண்டு, "உடுத்துனதே தெரியல சம்பந்தி" என்று நீங்களே சொன்னீர்கள். அதை நான் காதாரக் கேட்டேன். தாலி கட்டி முடிந்ததும் அண்ணன் மேடையேறினான். மொய் வாசிக்கிற மைக் பக்கத்திலேயே நின்றது. பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுத் தங்க வாட்ச் கட்டுகிறார் என்று மைக்செட்காரர் அறிவித்தார். கட்டுவதற்கு முன்னால் நீங்கள் கையை நீட்டினீர்கள். அண்ணன் சந்தோஷமாகத்தான் கொடுத்தான்.

உள்ளங்கையில் போட்டு இரண்டு குலுக்கு. "என்னப்பா இது, காத்தாட்டம் இருக்கு" என்றீர்கள். மைக் அதைப் பந்தி நடக்கிற இடம் வரைக்கும் கொண்டுபோனது. கூட்டம் சிரித்தது. அண்ணனும்தான் சிரித்தான், வேடிக்கைக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்து. விளக்கிச் சொல்ல வாயெடுத்தான். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். அதோடு விட்டிருந்தால்கூட நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவன் கையைப் பிடித்துத் தூக்கி, அவன் கட்டியிருந்த ஸ்டீல் வாட்சைச் செயினோடு எடை பார்த்தீர்கள். பட்டறையில் அடிபடுகிறதற்காக அவன் கட்டிக்கொண்டிருந்த முரட்டு ஆட்டோமேட்டிக்.

"இது வாட்சு. நல்லதைத் தன் கையில கட்டிக்கிட்டு, தங்கச்சி புருசனுக்குப் பதரைக் கொண்டாந்திருக்கான்."

யாரும் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அப்பா மேடைக்குக் கீழே துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். அண்ணன் ஸ்டீல் வாட்சைக் கழற்றி உங்கள் மகன் கையில் கட்டினான். தங்க வாட்சை என் மடியில் வைத்தான். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சொன்னது தப்புன்னு அவர் வாயால சொல்லட்டும், அப்ப வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். தங்கை கல்யாணத்தில் கை நனைக்காமல் போனான். மாலைக்குள் தலையைக் குனிந்துகொண்டு நான் மூக்கை உறிஞ்சியதைப் பார்த்துவிட்டு, பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று உங்கள் பக்கத்துப் பெண்கள் சமாதானம் சொன்னார்கள்.

நீங்கள் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது தினமும் இளநீர் வெட்டிக் கட்டிலுக்குக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். எஸ்.எஸ்.எல்.சி. படித்த மருமகள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். உங்களுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், உங்கள் மகனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். தாலுகா ஆபீஸ் மனுவிலிருந்து கல்யாண விசாரிப்பு வரை அந்த வீட்டுக் கடிதமெல்லாம் என் கை எழுதியது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வீர்கள், நான் எழுதி வாசித்துக் காட்டுவேன். "நான் நெனச்சதை அப்படியே எழுதிப்புட்டியே தாயி" என்பீர்கள். அந்தப் பாசமெல்லாம் என்னைத்தான் கட்டிப்போட்டது. இவ்வளவு நல்ல மனுஷனால் ஒரு சொல்லை ஏன் திருப்பி எடுக்க முடியவில்லை என்று யோசித்து யோசித்துத்தான் நான் உங்களை வெறுக்கக் கற்றுக்கொண்டேன்.

உங்களுக்கு உண்மை தெரியாது என்றிருந்தாலாவது மன்னித்திருப்பேன். உங்களுக்குத் தெரியும். அதற்கு நானே சாட்சி.

நான் மாசமாக இருந்தபோது மதுரையில் டாக்டரிடம் காட்ட நீங்கள்தான் கூட்டிப்போனீர்கள். நாற்றங்கால் தண்ணீர் புகுந்து உங்கள் மகனின் ஸ்டீல் வாட்ச் நின்றுபோயிருந்தது. "உங்கண்ணன் போட்ட அந்தத் தகரத்தையும் எடுத்துக்க, என்ன வெலைக்குக் கேக்குறான்னு பாத்துட்டு வந்துருவோம்" என்றீர்கள். டவுன்ஹால் ரோட்டில் ஒரு பாய் கடை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு முதலில் கனமானதைத் திறந்தார், துடைத்தார், நாளைக்கு வாருங்கள் என்றார். பிறகு தங்க வாட்சைத் திறந்தார். பார்த்த வேகத்தில் மூடிவிட்டார். மூச்சுக்காற்றின் ஈரம் பட்டுவிடும் என்றார். எங்கே கிடைத்தது என்று கேட்டபோது அவர் குரலே மாறியிருந்தது. சம்பந்தி வீட்டில் போட்டது என்றீர்கள். இந்த மாதிரி ஒன்றைத் தொட்டே பல வருடம் ஆயிற்று, உங்கள் சம்பந்தி எந்த ஊர் ஜமீன் என்று கேட்டார். மில்லில் தறி ஓட்டுகிறவர் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"இம்புட்டு லேசா இருக்கே, பாய்?" என்று கேட்டீர்கள். பாவம், கடைசி முயற்சி.

"லேசா இருக்குறதுக்குத்தான்யா வெலை. கனமா எவனும் செஞ்சுருவான்" என்றார் அவர்.

வெளியே வந்து ஜூஸ் கடையில் எனக்குச் சாத்துக்குடிச் சாறு வாங்கிக் கொடுத்தீர்கள். பிள்ளைத்தாய்ச்சி என்று வாங்கிக் கொடுத்ததாக நினைத்துக் குடித்துவிட்டேன். அது லஞ்சம் என்று பஸ் ஏறிய பிறகுதான் தெரிந்தது. சமயநல்லூர் தாண்டும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இதை வீட்டுல சொல்லிக்கிற வேணாம் தாயி. நேரம் பாத்து நானே சபையில சொல்றேன்" என்றீர்கள். அந்த வாட்ச் அன்றே உங்கள் இரும்புப் பெட்டிக்குள் போனது. சாவி உங்கள் அரைஞாண் கயிற்றில். தகரமாக இருந்தவரைக்கும் என் டிரங்குப் பெட்டியில் கிடந்தது, தங்கம் என்று தெரிந்ததும் உங்கள் பெட்டிக்கு வந்துவிட்டது. ஒரு வாட்ச் உங்கள் மகன் கையிலும் ஒரு வாட்ச் உங்கள் பெட்டியிலுமாக நாள் ஓடியது.

உங்கள் மகனிடம் சொன்னேன். "அப்பாவே சொல்றேன்னுட்டாருல்ல, விடு" என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் அந்த 'விடு'தான். அண்ணனுக்கு எழுதவில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டால் அவன் இன்னும் கொதித்துப்போவான் என்று பயம்.

பிறகு காதுகுத்து. உங்கள் பேரனுக்கு மூன்றாவது வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அதற்குத் தாய்மாமனை வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்குத் தட்டு வைத்து அழைக்க வேண்டும். அது உங்களுக்குத் தெரியாததா? ஊரில் எத்தனை காதுகுத்துக்கு முன்னால் நின்று முறை சொன்னவர் நீங்கள். அண்ணன் அப்போது லீவில் பழங்காநத்தத்தில்தான் இருந்தான். நான் உங்கள் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்வந்தால் போதும், சபைகூட வேண்டாம், வீட்டு வாசலில் வைத்து ஒரு வார்த்தை. "பத்திரிகை குடுத்து விட்டாச்சுல்ல. வாரவன் வருவான்" என்றீர்கள். பத்திரிகையை மதுரைக்குப் போகிற பால்காரரிடம் கொடுத்து விட்டிருந்தீர்கள்.

குலசாமி கோயிலில், நான் வாழ்க்கையில் இரண்டு தடவை பார்த்த ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் மடியில் என் பிள்ளை உட்கார்ந்தான். மொட்டைத் தலையில் சந்தனம் வழிய அவன் கத்திய கத்தலில் ஆசாரி இரண்டு தடவை ஊசியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வலிக்கு அழுகிறான் என்றார்கள். யார் மடி என்று தெரியாமல் அழுதான். பிறகு அம்மா வந்தபோது சொன்னாள்: அன்று அண்ணன் விடியற்காலையிலேயே குளித்து, புது வேட்டி கட்டி, மருமகனுக்கு வாங்கி வைத்திருந்த கடுக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தானாம். கடைசி நேரத்திலாவது வாடிப்பட்டியிலிருந்து யாராவது அழைக்க வருவார்கள் என்று. மதியச் சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிட்டதும் எழுந்துபோய் வேட்டியை மாற்றினானாம். ஒரு மணி நேர பஸ் தூரம், மாமா.

அதற்குப் பிறகு நான் உங்களிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. சோறு போட்டேன், கடிதம் எழுதினேன், காலில் விழுந்து திருநீறு வாங்கினேன். உள்ளுக்குள் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று நீங்கள் தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஊருக்குள் முதல் டிவி பெட்டி வந்த வருடம் நீங்கள் படுத்தீர்கள். குடலில் கட்டி. மதுரையில் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடித் திருப்பி அனுப்பினார்கள். மாத்திரை நேரம் பார்க்க வாட்ச் வேண்டும் என்றீர்கள். உங்கள் மகன் தன் ஸ்டீல் வாட்சைக் கட்டிவிட்டு வயலுக்குப் போனார். கையைத் தூக்கினால் அது முழங்கை வரைக்கும் ஓடியது, தொங்கவிட்டால் மணிக்கட்டு எலும்பில் இடித்தது. ஊரெல்லாம் தூக்கிப் பார்த்து மெச்சிய வாட்ச். இரண்டாம் நாள், "கனக்குது தாயி, கழட்டிரு" என்றீர்கள். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை நீங்களே அவிழ்த்துக் கொடுத்து, இரும்புப் பெட்டியிலிருந்து மற்றதை எடுக்கச் சொன்னீர்கள். கடைசித் துளையில் மாட்டியும் தோல் வார் தொளதொளத்தது. கோணி ஊசியைக் காய்ச்சி இன்னொரு துளை போட்டுக் கட்டிவிட்டேன். சாவி கொடுத்துக் காதில் வைத்துக் காட்டினேன்.

"கட்டுனதே தெரியல, தாயி" என்றீர்கள்.

அதை நீங்கள் அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவன் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தான். உங்கள் கண் கலங்கியிருந்தது. எனக்குத் துளி இரக்கம் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கஞ்சி ஆற்றினேன்.

அன்று மத்தியானம் அத்தை கண்ணயர்ந்திருந்தபோது என்னைக் காகிதம் எடுத்துவரச் சொன்னீர்கள். பஹ்ரைனுக்கு எழுதுகிற நீல ஏர்மெயில் காகிதம். பக்கத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னீர்கள், நான் எழுதினேன். நான்கே வரி. இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் சொல்வேன்.

"தம்பிக்கு. அன்னைக்குச் சபையில நான் சொன்னது தப்பு. ஒரு வருசத்துலயே தெரிஞ்சுக்கிட்டேன், வெக்கத்துல சொல்லல. வந்து ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போ."

வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட உங்களுக்கு வெகுநேரம் பிடித்தது. பேனாவைக் கீழே விட்டுவிட்டு, மறுபடி எடுத்துப் போட்டீர்கள். உங்கள் மகனிடம்கூடக் கொடுக்காமல் நானே தபால் பெட்டியில் போட வேண்டும் என்றீர்கள். சரி மாமா என்றேன்.

பள்ளிக்கூடத்துச் சுவரில் இருந்த தபால் பெட்டி வரைக்கும் நடந்து போனேன். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணனை எனக்குத் தெரியும். அந்த நான்கு வரியைப் பார்த்தால் போதும், அழுதுவிடுவான், அடுத்த விமானத்தைப் பிடிக்கப் பார்ப்பான், உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கையைப் பிடித்துக்கொள்வான். எல்லாம் தீர்ந்துபோகும். அப்பா சபையில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது, அண்ணன் புது வேட்டியோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது, என் பிள்ளை யார் மடியிலோ கதறியது, எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கு வரியும் ஒரு வேளைச் சாப்பாடும். அவ்வளவு லேசாக உங்களை விட எனக்கு மனசில்லை. திரும்பி வந்து கடிதத்தை வெந்நீர் அடுப்புக்குள் வைத்தேன். நீலக் காகிதம் சட்டென்று பிடித்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பீர்கள். வந்துச்சா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை மாமா, தூர தேசமில்லையா என்பேன். பத்து நாள் கழித்து நாவிதரை அழைத்துவரச் சொன்னீர்கள். "சவரம் பண்ணி வச்சுக்கிர்றேன் தாயி. அந்தத் தம்பி வந்தா இந்த மூஞ்சியோடயா பேசுறது?" என்று கேட்டீர்கள். அப்போதாவது எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும். போய் ஒரு தந்தி கொடுத்திருக்கலாம். நான் நாவிதருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். சவரம் செய்த முகத்தோடு, அந்த வாட்சைக் கட்டிய கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி படுத்திருந்தீர்கள். அண்ணன் உட்கார்ந்திருந்தது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பார்க்கத்தான் நானும் காத்திருந்தேன் போலிருக்கிறது. பதினெட்டாம் நாள் நீங்கள் போனீர்கள்.

அண்ணன் அடுத்த லீவில் வந்தான். உங்கள் கையிலிருந்து கழற்றிய வாட்சை அவனிடம் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை. "அவர் சொன்னா வாரேன்னேன். இனி யாரு சொல்றது?" என்று கேட்டான். நான் வாட்சைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். வாட்ச் என் பீரோவில்தான் இருக்கிறது. நான் அதற்குச் சாவி கொடுப்பதில்லை.

வாட்ச் லேசாக இருக்க வேண்டுமா, கனமாக இருக்க வேண்டுமா என்று இத்தனை வருடம் உங்களோடு மல்லுக்கட்டிவிட்டேன். நீங்கள் தோற்றீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தெரிந்து பேசியிருந்தாலும் தெரியாமல் பேசியிருந்தாலும், மைக் முன்னால் ஒருத்தனைத் திருடன் என்ற மாதிரிப் பேச உங்களுக்கு உரிமை கிடையாது. அதற்காக இன்னும் நூறு தடவை உங்களைத் திட்டுவேன். ஆனால் திட்டும்போதெல்லாம் சவரம் செய்த அந்த முகம் குறுக்கே வந்து நிற்கிறது. உங்களால்தான் நான் அப்படி ஒரு காரியம் செய்கிறவளானேன் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். பொருந்தவில்லை. அடுப்பில் வைத்தது என் கை.

அண்ணன் இப்போது ஒத்தக்கடையில் மகன் வீட்டில் இருக்கிறான். அப்பா அம்மா போய்விட்டார்கள், பழங்காநத்தத்து வீடு கைமாறிவிட்டது. உங்கள் மகனும் போய் நான்கு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். பேச்சு எங்கெங்கோ சுற்றி உங்களிடம் வந்தது, எப்போதும் வருவதுதான். "நல்ல மனுசந்தான். சாகுறப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான். அந்த ஒரு வார்த்தை இன்னும் அவனை அறுக்கிறது, மாமா. எழுபது வயதைத் தாண்டியும் அறுக்கிறது. அதை எடுத்து வெளியே போட எனக்கு நான்கு வரி போதும்.

"ஆமாண்ணே" என்றேன்.

சொல்லிவிட்டால் அந்த நிமிடமே அவன் உங்களை மன்னித்துவிடுவான். அதற்குப் பிறகு திரும்பி என்னைப் பார்ப்பான். பிறந்த வீடு என்று எனக்கு மிச்சமிருப்பது அவன் ஒருத்தன்தான். அதனால் நான் கண்ணை மூடுகிற வரைக்கும் நீங்கள் கெட்டவராகவே இருந்துகொள்ளுங்கள், மாமா.